ஈயம் பூசுகிறவர், அம்மி கொத்துகிறவர், குடை ரிப்பேர்: உங்கள் தெருவுக்கு இன்னும் வருகிறார்களா?

தெற்கு_ரதவீதி (கும்பகோணம்)

மறைந்துபோன சமாச்சாரங்கள் என்றாலே தந்தி, எஸ்டிடி பூத், நாலணா என்று ஆரம்பித்துவிடுவோம். அவையெல்லாம் தேதி குறித்துப் போனவை. நாலணாவுக்கு 2011 ஜூன் 30 கடைசி என்று அறிவிப்பு வந்தது. தந்தி 2013 ஜூலையில் நின்றபோது ஞாபகார்த்தமாக ஒன்று அடித்துவைக்க ஆபீஸ்களில் வரிசை நின்றது. நான் பேச நினைப்பது சொல்லிக்கொள்ளாமல் போனவர்களைப் பற்றி.

ஈயம் பூசுகிறவர். அம்மி கொத்துகிறவர். குடை ரிப்பேர்காரர். சாணை பிடிக்கிறவர். நாடாக் கட்டில் பின்னுகிறவர். பிளாஸ்டிக் குடத்து ஓட்டையைப் பழுக்கக் காய்ச்சிய கம்பியால் அடைக்கிறவர். பம்ப் ஸ்டவ் ரிப்பேர். இவர்கள் குரல் தெருவில் கேட்காமல் போனது எந்த வருஷம்? எங்கள் தெருவில் விசாரித்தேன், ஆளுக்கொரு வருஷம் சொல்கிறார்கள்.

ஈயம் பூசுவதை இப்போதைய பிள்ளைகள் பார்த்திருக்க வாய்ப்பில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பித்தளைப் பாத்திரத்தில் அப்படியே புளிக்குழம்போ மோரோ வைத்தால் களிம்பு ஏறிவிடும், வயிற்றுக்கு ஆகாது. அதனால் உள்பக்கம் வெள்ளீயம் பூச வேண்டும். அவர் வந்து வேப்பமரத்தடியில் சின்னதாக ஒரு குழி தோண்டுவார். கரியைப் போட்டுத் துருத்தியை மிதிக்க ஆரம்பித்தால் தெருப்பிள்ளைகள் மொத்தமும் அங்கேதான். மண்ணும் புளியும் போட்டு விளக்கிய அடுக்கை இடுக்கியால் பிடித்து நெருப்பில் திருப்பித் திருப்பிக் காட்டுவார். பதமான சூடு வந்ததும் நவச்சாரப் பொடியை ஒரு சிட்டிகை தூவுவார். குப்பென்று வெள்ளைப் புகை கிளம்பும், கண்ணும் மூக்கும் எரியும். ஈயக் கம்பியை உள்ளே ஒரே ஒரு இழுப்பு. உருகி ஓடும் அந்தச் சொட்டைப் பஞ்சுத்துணியால் சுற்றிச் சுற்றித் துடைத்துப் பரப்புவார். மஞ்சளாக இருந்தது கண்ணெதிரே வெள்ளை வெளேரென்று ஆகிவிடும். அப்படியே தண்ணீரில் ஒரு முக்கு. அவ்வளவுதான், அடுத்த பாத்திரம்.

அந்த ஆட்கள் போனதோடு வேறொன்றும் போய்விட்டது என்பது என் எண்ணம். ஒரு பொருள் கெட்டால் "யாரிடம் கொடுக்கலாம்" என்று முதலில் கேட்போம். இப்போது எடுத்த எடுப்பில் "புதுசு என்ன விலை" என்று கேட்கிறோம்.

உங்கள் ஊரில் யார் மிச்சம், யார் போனார்கள்? சொல்லுங்கள்.

---

பழைய_பேப்பர்

"பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம்" என்று கூவினவரை விட்டுவிட்டீர்களே! ஈயம் பூச வேண்டிய அண்டாவெல்லாம் அவரிடம்தான் போய்ச் சேர்ந்தது. எங்கள் வீட்டு வெண்கலப் பானையை நானே தூக்கிக் கொடுத்தேன். அந்தப் பானை இன்றைக்கு என்ன விலை போகும் என்று பாட்டி கணக்குச் சொல்லாத தீபாவளி கிடையாது.

---

கோவை_மணியன்

இதில் மர்மம் ஒன்றுமில்லை. எவர்சில்வர் வந்தது, ஈயம் போனது.

எங்கள் பக்கம் அனுப்பர்பாளையம் பாத்திரத்துக்குப் பேர்போன ஊர். பித்தளைக் குடமும் அண்டாவும் அடித்த பட்டறைகள் கொஞ்சம் கொஞ்சமாக எவர்சில்வருக்கு மாறின. சேலம் உருக்காலை 1980களின் தொடக்கத்தில் ஸ்டெயின்லெஸ் தகடு உருட்ட ஆரம்பித்தது. எவர்சில்வரில் புளி வைத்தாலும் ஒன்றும் ஆகாது, தேய்க்கவும் சுலபம், கல்யாணச் சீருக்கும் பளபளவென்று இருக்கும். பிறகு ஈயம் பூசுகிறவருக்கு என்ன வேலை?

அம்மி, ஆட்டுக்கல் கதையும் அதேதான். 1955-ல் எங்கள் கோவையில் பி. சபாபதி என்பவர் ஆட்டுக்கல்லுக்கு மோட்டார் வைத்து வெட் கிரைண்டரைக் கொண்டுவந்தார். முதலில் ஹோட்டல்களுக்குப் போனது, அப்புறம் வீட்டுக்கு வந்தது, அப்புறம் சாய்த்து மாவை ஊற்றுகிற டில்டிங், மேசைமேல் வைக்கிற டேபிள்டாப். இன்றைக்குக் கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது. 2011 செப்டம்பரில் ரேஷன் கார்டுக்கு மிக்சி, கிரைண்டர், ஃபேன் விலையில்லாமல் கொடுக்க ஆரம்பித்தார்களே, அதுவரை கிராமத்தில் மிச்சமிருந்த ஆட்டுக்கல்லும் கொல்லைப்புறம் போய்விட்டது. அம்மி கொத்துகிறவர் போன வருஷம் தெரியவேண்டுமென்றால் அதற்குப் பக்கத்தில் தேடுங்கள்.

---

ஊஞ்சல்_பலகை

தம்பிமார்கள் எல்லாரும் ஆட்டுக்கல்லைப் பற்றி ஏக்கப்படுவதைப் படிக்கச் சிரிப்பாக வருகிறது. நீங்கள் யாராவது அரைத்திருக்கிறீர்களா?

நான் வாக்கப்பட்ட வீட்டில் கூட்டுக்குடும்பம். சனிக்கிழமை மத்தியானம் சாப்பாட்டுக்கடை ஒழிந்ததும் ஆட்டுக்கல் முன்னால் உட்கார்ந்தால் அரிசி, உளுந்து இரண்டும் அரைத்து எழுந்திருக்கச் சாயங்காலம் ஆகிவிடும். ஒரு கை குழவியைச் சுற்ற, ஒரு கை மாவைத் தள்ள, நடுவில் குழந்தை அழுதால் மாவுக்கையோடு ஓட வேண்டும். அம்மி கொத்துகிறவர் வந்துபோன அன்றைக்கு இன்னொரு தண்டம். கல் தூள் போகத் தவிடு போட்டு ஒரு தடவை, பச்சரிசி போட்டு ஒரு தடவை அரைத்து வழித்துக் கொட்ட வேண்டும். அதற்குப் பிறகும் முதல் நாள் சட்னியில் நறநறவென்று வரும். "ஏம்மா, சரியாகக் கழுவலையா" என்று பேச்சு எனக்குத்தான் விழும், கொத்தினவருக்கு இல்லை.

கிரைண்டர் வந்த அன்றைக்குச் சந்தனம் குங்குமம் வைத்துக் கும்பிட்டேன். மனசாரத்தான் கும்பிட்டேன்.

---

தெற்கு_ரதவீதி

அக்கா, ஆட்டுக்கல் திரும்பி வர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. உங்கள் கிரைண்டர் கெட்டுப்போனால் என்ன செய்கிறீர்கள்? அதுதான் என் கேள்வி.

---

ஊஞ்சல்_பலகை

பெல்ட் அறுந்தால் பஜாரில் மாற்றித் தருகிறார்கள். முன்பு கல்லே தேய்ந்துவிட்டால் அதையும் கொத்தித் தந்தார்கள். இப்போது கல் கொத்த யாரும் இல்லை, வேறு செட் வாங்கிக்கொள்ளுங்கள் என்கிறார்கள். நீங்கள் கேட்பது எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் கிரைண்டர் பெல்ட் மாற்றும் கடை இன்னும் இருக்கிறது என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். குக்கர் ரிப்பேர், கேஸ் ஸ்டவ் ரிப்பேர் என்று ஆட்டோவில் மைக் கட்டி இன்றைக்குக் காலையில்கூடப் போனார்கள். குரல் மட்டும் ரெக்கார்டு செய்த குரல்.

---

உளிச்சத்தம்

இந்த இழையைப் படித்துக்கொண்டே வந்தேன். என் தாத்தா அம்மி கொத்தினவர். அதனால் எனக்கும் சொல்ல இருக்கிறது.

கோணிப்பையில் இரண்டு மூன்று உளி, ஒரு சுத்தியல். காலையில் கிளம்பினால் ஊர் ஊராக நடை. நடந்துகொண்டே கூவ வேண்டும், இல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. அம்மிமேல் உளியைச் சாய்வாகப் பிடித்துச் சன்னமாகப் புள்ளி வைத்துக்கொண்டே போவார். ஓரத்திலிருந்து வரிசையாக, ஒரு புள்ளி மேல் இன்னொரு புள்ளி விழாமல். ஆழமாக விழுந்தால் மிளகாய் விதை அதில் உட்கார்ந்துகொள்ளும், மேலோட்டமாக விழுந்தால் பத்து நாளில் வழுக்கும். "அம்மி கொத்தச் சிற்பி எதற்கு" என்று பழமொழி சொல்கிறார்கள். தாத்தா கொத்தினதைப் பார்த்தால் அப்படிச் சொல்லத் தோன்றாது.

கண்ணில் சில்லு தெறிக்கும். கண்ணாடியெல்லாம் கிடையாது. கடைசி காலத்தில் ஒரு கண் மங்கலாகத்தான் தெரிந்தது. கூலியாகப் பாதி வீட்டில் காசு, பாதி வீட்டில் தானியம், சில வீட்டில் "அடுத்த தடவை சேர்த்துத் தரேன்". சாதி பார்த்துத் திண்ணைக்குக் கீழேயே உட்கார வைப்பார்கள். குடிக்கத் தண்ணீர் கேட்டால் கையில் ஊற்றுவார்கள், சொம்பைக் கொடுக்க மாட்டார்கள். எந்த அம்மியில் அவர் நாளெல்லாம் கை வைத்தாரோ அதே அம்மியில் அரைத்த குழம்பைச் சாப்பிடத் தீட்டு இல்லை.

அப்பா அந்த உளியைத் தொடவில்லை. பஸ் கம்பெனியில் கிளீனராகப் போனார். நான் நர்ஸ். அம்மி கொத்துகிறவர் எங்கே போனார் என்று கேட்டீர்கள் இல்லையா, இங்கேதான் போனார்.

---

தெற்கு_ரதவீதி

தங்கச்சி, நீங்கள் எழுதியதற்குப் பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. எங்கள் தெருவிலும் அப்படித்தான் நடந்தது. ஈயம் பூசுகிறவர் வேப்பமரத்தடியில் குழி தோண்டுவார் என்று நானே மேலே எழுதியிருக்கிறேன், ஏன் மரத்தடி என்று எழுதவில்லை.

---

கோவை_மணியன்

ரிப்பேர் செலவு மலிவாக இருந்ததற்கு முக்கியக் காரணம் இதுதான். செய்கிறவன் கூலியை நாம் மதிக்கவில்லை. அவன் பிள்ளைக்கு வேறு வேலை கிடைத்ததும் கதை முடிந்தது. நியாயமான கூலி கொடுத்தால் அம்மி கொத்த ஐநூறு ரூபாய் ஆகும். மிக்சி ஜார் அதைவிடச் சற்று அதிகம், அவ்வளவுதான்.

---

தையல்நாயகி (திருநெல்வேலி)

காலர் திருப்பிப் போடுவது ஞாபகம் இருக்கிறதா யாருக்காவது? எங்கள் கடையில் முன்பு ஸ்கூல் திறக்கிற சமயத்தில் புதுத்துணி எவ்வளவு வருமோ அதற்குச் சரிபாதி காலர் திருப்ப வரும். வாத்தியார்கள், கிளார்க்குகள், ஒரு வக்கீல்கூட.

சட்டையில் முதலில் நைந்துபோவது கழுத்து மடிப்புதான். மற்ற இடமெல்லாம் நன்றாக இருக்கும். பட்டியிலிருந்து காலரைத் தையல் பிரித்து எடுத்து, நைந்த பக்கம் அடியில் போகிற மாதிரி திருப்பி, மறுபடி பட்டிக்குள் சொருகி அதே தையல் ஓட்டைகள் வழியாக ஒரு தையல். பழைய ஓட்டையில் ஊசி விழ வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு வரிசை தெரியும். முடிந்தபின் சட்டைக்கு இன்னும் இரண்டு வருஷ ஆயுசு. கஃப்புக்கும் அப்படியே.

இப்போது யாரும் கேட்பதில்லை. கேட்டாலும் நிறைய ரெடிமேட் சட்டைக்கு முடியாது. ஸ்டைலுக்காக உள்பக்கம் பூப்போட்ட துணியோ வேறு கலரோ வைத்துவிடுகிறார்கள், திருப்பினால் நீலச் சட்டைக்குப் பூப்போட்ட காலர் வந்துவிடும். ஒரு பையன் அப்படியே போட்டுக்கொண்டு போனான், ஃபேஷன் என்று.

ஆனால் ஆல்டரேஷன் வேலை குறையவில்லை. ஆன்லைனில் வாங்கி அளவு சரியில்லை என்று கொண்டுவருகிறார்கள். பேண்ட் நீளம் குறைக்க, பிளவுஸ் பிடிக்க. கிழிந்ததைத் தைக்க வருவது அபூர்வம், புதுசை வெட்ட வருவதுதான் அதிகம்.

---

பழைய_பேப்பர்

ஹவாய் செருப்பு வார்! மளிகைக்கடையில் வாரை மட்டும் கொத்தாகத் தொங்கவிட்டிருப்பார்கள். அறுந்தால் முதலில் ஊக்கு, அடுத்தது வார், அதற்கும் அடுத்தது அடிப்பாகத்தில் ஓட்டை விழுந்து தரை காலில் குத்தும் வரை. வெள்ளைச் செருப்பில் நீல வாரும் பச்சை வாரும் சகஜம். இன்றைக்கு வார் மட்டும் கேட்டால் கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்க்கிறார்.

---

நல்லூரான் (ஸ்கார்பரோ)

வணக்கம். நான் யாழ்ப்பாணத்துக்காரன். உங்களுடைய கதையில் ரிப்பேர் என்பது சிக்கனம். எங்களுக்கு அது வேறு வழியில்லாத சங்கதி.

1990களில் பொருளாதாரத் தடை. பெற்றோல், மண்ணெண்ணெய், பற்றரி, சவர்க்காரம் எதுவும் ஒழுங்காக வராது. மின்சாரமும் இல்லை. ரேடியோவில் செய்தி கேட்க வேண்டுமென்றால் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் பெடலைச் சுற்றுவார், டைனமோவில் இருந்து வயர் ரேடியோவுக்குப் போகும். செய்தி முக்கியமான இடத்துக்கு வரும்போது சுற்றுகிறவர் களைத்துப்போவார், எல்லாரும் அவரைப் பேசுவார்கள். ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சு, மேலே திரி, சிறிதளவு மண்ணெண்ணெய். அதுதான் படிக்கிற விளக்கு. நானும் அதில் படித்துத்தான் சோதனை எழுதினேன்.

பழைய மொறிஸ் மைனர், ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். சில துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு எஞ்சினைக் கிளப்பிவிட்டு, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது. புகையும் மணமும் சொல்லி மாளாது, ஆனால் கார் ஓடியது. இதைச் செய்தவர்கள் பட்டம் பெற்ற எஞ்சினியர்கள் இல்லை, சந்தியில் கராஜ் வைத்திருந்த ஆட்கள். அந்தக் கார்களைப் பிரித்துப் பார்க்க முடிந்ததால்தான் அது சாத்தியப்பட்டது. இன்றைக்கு என்னுடைய காரில் ஒரு விளக்கு எரிந்தால், ஏன் எரிகிறது என்று அறியவே ஒரு கொம்பியூட்டரைச் செருக வேண்டியிருக்கிறது.

இது நல்ல காலம் என்று நான் சொல்ல வரவில்லை. அந்தக் கெட்டித்தனத்தைத் திரும்பவும் காட்ட வேண்டிய நிலை ஒருவருக்கும் வரக் கூடாது.

---

சால்டர்_சாமி (சென்னை, ரிச்சி தெரு)

கடைசியாக என் ஏரியாவுக்கு வந்திருக்கிறீர்கள். நல்லூரான் அண்ணன் சொன்ன "பிரித்துப் பார்க்க முடிந்தது" என்பதுதான் விஷயம். வேலை செய்கிற ஆள் இல்லை என்பது பாதிதான் உண்மை. எங்கள் தெருவுக்கு வந்து பாருங்கள், ஆள் இருக்கிறான். பொருள்தான் திறக்க மாட்டேன் என்கிறது.

நான் வேலை கற்றுக்கொண்ட காலத்தில் டிவிக்குப் பின்னால் ஸ்க்ரூ இருக்கும். சில கம்பெனி செட்டில் பின்மூடியின் உள்பக்கமே சர்க்யூட் படம் ஒட்டியிருப்பார்கள். எந்த இடத்தில் எத்தனை வோல்ட் வர வேண்டும் என்று அதிலேயே எழுதியிருக்கும். மல்டிமீட்டரை வைத்துக்கொண்டு ஒவ்வொரு இடமாகப் பார்த்தால் எந்தக் கண்டென்சர் போனது, எந்த ரெசிஸ்டர் போனது என்று பிடித்துவிடலாம். எட்டணா பார்ட்டை மாற்றினால் டிவி ஓடும். அப்புறம் முழு போர்டு மாற்றுவது வந்தது. பார்ட்டைத் தேடாதே, போர்டைக் கழற்றி வேறு போர்டு போடு. இப்போது அந்த போர்டும் கிடைப்பதில்லை, மாடல் வந்து மூன்று வருஷத்தில் ஸ்பேர் நின்றுவிடுகிறது. பேனல் போனால் பேனல் விலையும் புது டிவி விலையும் பக்கத்தில் பக்கத்தில். கஸ்டமரிடம் நானே சொல்கிறேன், புதுசு வாங்குங்கள் சார் என்று.

எல்இடி பல்பு இன்னும் மோசம். 2015-ல் அரசு குறைந்த விலையில் எல்இடி பல்பு கொடுக்கும் உஜாலா திட்டம் வந்தபின் விலை மளமளவென்று இறங்கியது. நல்லதுதான், கரண்ட் மிச்சம். ஆனால் வருஷக்கணக்கில் எரியும் என்று சொன்ன பல்பு வாரன்டி முடிந்த கையோடு போகிறது. மூடியைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே சின்னச் சின்ன எல்இடிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடராக இருக்கும். அதில் ஒன்று எரிந்தால் மொத்தமும் இருட்டு. எரிந்ததன் நடுவில் கடுகளவு கறுப்புப் புள்ளி இருக்கும், அதை வைத்துக் கண்டுபிடிக்கலாம். அதைச் சுரண்டிவிட்டு இரண்டு முனையையும் சால்டரால் இணைத்தால் மறுபடி எரியும். (வீட்டில் யாரும் முயற்சி செய்யாதீர்கள், நிறையப் பல்பில் நேரடி மெயின் கரண்ட் அந்தத் தகட்டுக்கு வருகிறது.) ஆனால் ஒன்று வெந்துபோகிற அளவுக்குச் சூடு ஏறுகிறது என்றால் மற்றதும் அதே சூட்டில்தான் இருக்கிறது. சில மாதம் ஓடும், திரும்பி வரும். கஸ்டமர் என்னைத் திட்டுவார். நூறு ரூபாய் பல்புக்கு நான் என்ன கூலி கேட்பது?

சரி, இதே ஆட்கள் மொபைல் டிஸ்பிளேயைச் சர்வசாதாரணமாக மாற்றுகிறார்கள். போன் விலை பதினையாயிரம், டிஸ்பிளே மாற்ற மூவாயிரம் என்றால் கஸ்டமர் யோசிக்காமல் கொடுக்கிறார். அதனால்தான் தெருவுக்குத் தெரு மொபைல் சர்வீஸ் கடை. விலைதான் இங்கே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. மனசு மாறிவிட்டது, பழக்கம் போய்விட்டது என்பதெல்லாம் எனக்கு ஒப்பவில்லை சார்.

---

தெற்கு_ரதவீதி

சாமி, விலை ஒத்துக்கொள்கிறேன், முழுக்க இல்லை. என் அண்ணன் மகன் வீட்டில் மிக்சி ஓடவில்லை என்று வெளியே வைத்திருந்தான். கப்ளர் தேய்ந்திருந்தது. ரப்பர் கப்ளர் ஐம்பது ரூபாய்க்குள், திருகிக் கழற்றித் திருகி மாட்டினால் முடிந்தது. அவனுக்குக் காசு பிரச்சினையே இல்லை, கெட்டது என்றால் முழுசாகக் கெட்டது என்றுதான் நினைக்கிறான். அதற்குள் ஒரு பாகம் மட்டும் கெடும் என்கிற எண்ணமே வரவில்லை. டியூப்லைட் மினுமினுத்தால் ஸ்டார்ட்டரைத் திருகிப் பார், ஃபேன் மெதுவாகச் சுற்றினால் கண்டென்சரைப் பார் என்று நமக்கு வீட்டில் யாரோ சொல்லித் தந்தார்கள். அந்தச் சொல்லித்தருதல் எங்கேயோ அறுந்துவிட்டது.

---

சட்டப்புள்ளி

சாமி கேட்பதற்குச் சட்டத்தில் ஒரு பெயர் உண்டு: பழுதுபார்க்கும் உரிமை. பிரான்சில் 2021 முதல் போன், லேப்டாப், வாஷிங் மெஷின் போன்றவற்றுக்கு, எவ்வளவு சுலபமாகப் பிரித்துச் சரிசெய்யலாம் என்று பத்துக்கு மதிப்பெண் போட்டுக் கடையில் ஒட்டினார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2024-ல் இதற்குத் தனிச் சட்டமே கொண்டுவந்தது. வாரன்டி முடிந்த பின்னும் சில வகைப் பொருட்களைத் தயாரிப்பாளர் சரிசெய்து தர வேண்டும், ஸ்பேருக்கு நியாயமான விலை வைக்க வேண்டும்.

நம் நாட்டில் நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் ஒரு குழு அமைத்தது. அதே வருஷம் டிசம்பர் 24, தேசிய நுகர்வோர் தினத்தன்று இதற்கென்று ஓர் இணையதளம் தொடங்கினார்கள். விவசாயக் கருவிகள், மொபைல் மற்றும் மின்னணுப் பொருட்கள், வீட்டு உபயோகச் சாதனங்கள், வாகனங்கள் என நான்கு துறைகள். கம்பெனிகள் தங்கள் சர்வீஸ் விவரம், ஸ்பேர் விவரம் எல்லாவற்றையும் அங்கே போட வேண்டும் என்பது எண்ணம்.

---

சால்டர்_சாமி

அண்ணே, இணையதளம் இருக்கட்டும். எனக்கு சர்க்யூட் படம் வேண்டும், ஸ்பேர் கடையில் ஐசி வேண்டும். கம்பெனி சர்வீஸ் சென்டர் தவிர வெளியாளுக்கு ஸ்பேர் விற்க மாட்டோம் என்று கைவிரிக்கிறார்கள். அதை மாற்றச் சொல்லுங்கள்.

---

முந்திரிக்கொட்டை

சும்மா பழங்கதை பேசுகிற கூட்டம். இதே ஆட்கள்தான் வருஷம் ஒரு போன் மாற்றுவார்கள். அந்தக் காலத்து ஆட்களுக்கு வசதியில்லை, அதனால் ஒட்டுப் போட்டார்கள். கஞ்சத்தனத்துக்குப் பெயர் பண்பாடா?

---

ஊஞ்சல்_பலகை

தம்பி, கஞ்சத்தனம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். என் மாமனார் ஒரு எச்எம்டி வாட்ச் கட்டியிருந்தார், சாவி கொடுக்கிற ரகம். சில வருஷத்துக்கு ஒரு தடவை பஜாரில் கண்ணில் லென்ஸ் சொருகி உட்கார்ந்திருப்பாரே, அவரிடம் கொடுத்துப் பிரித்துத் துடைத்து எண்ணெய் போட்டு வாங்குவார். எச்எம்டி வாட்ச் கம்பெனியையே 2016-ல் மூட முடிவுசெய்துவிட்டார்கள், வாட்ச் இன்னும் ஓடுகிறது. என் பேரன் கட்டுகிற வாட்ச்சுக்குத் தினம் சார்ஜ் போட வேண்டும், இரண்டு வருஷத்தில் பேட்டரி போய்விட்டது, மாற்ற முடியாதாம். இதில் காசை வீணாக்கினது யார் என்று நீங்களே சொல்லுங்கள்.

---

முந்திரிக்கொட்டை

அந்த வாட்ச்சில் இதயத்துடிப்பு தெரியுமா அம்மா? 😄

---

ஊஞ்சல்_பலகை

எனக்கு இருக்கிறது என்று தெரிந்தால் போதும்.

---

மட்டுறுத்தர்

நல்ல பதில் அக்கா. 😄 இதோடு இந்தப் பக்கவாட்டு வாதத்தை நிறுத்திக்கொள்வோம். சாதி பற்றிய மேலேயுள்ள பதிவுக்கு வந்த இரண்டு மறுமொழிகளை நீக்கியிருக்கிறேன். காரணம் எழுதியவர்களுக்குத் தெரியும்.

---

வெங்கலக்குரல் (காரைக்குடி)

தாமதமாக வருகிறேன். ஈயம் பூசுகிறவர்கள் முழுக்கப் போய்விடவில்லை. எங்கள் பக்கம் பழைய வீட்டுப் பாத்திரங்கள் ஏராளம், அதோடு சமையல் கான்ட்ராக்டர்கள் வைத்திருக்கும் பெரிய பித்தளை அண்டாக்களுக்கு இன்றைக்கும் பூசித்தான் ஆக வேண்டும். தெருவில் கூவிக்கொண்டு வருவதில்லை, அவ்வளவுதான். பாத்திரக்கடையில் சொல்லிவைத்தால் ஆளை அனுப்புகிறார்கள். இப்போது பித்தளையில் சமைத்தால் நல்லது என்று புதிதாக வாங்குகிறவர்களும் கூடியிருக்கிறார்கள், ஆகவே வேலை கொஞ்சம் திரும்பியிருக்கிறது. துருத்திக்குப் பதில் சின்ன புளோயர், கரிக்குப் பதில் சில இடங்களில் கேஸ்.

வாங்குகிறவர்களுக்கு இரண்டு விஷயம். பூசுவது சுத்தமான வெள்ளீயம்தானா என்று கேட்டுக்கொள்ளுங்கள். காரீயம் கலந்தால் விஷம், விலை குறைவு என்று கலக்கிறவர்கள் உண்டு. கம்பியைக் காகிதத்தில் இழுத்துப் பார்த்தால் காரீயம் பென்சில் மாதிரி கோடு போடும், வெள்ளீயம் அவ்வளவு சுலபமாகப் போடாது. சந்தேகமென்றால் பூசவே வேண்டாம். இன்னொன்று, பூசின பாத்திரத்தைக் காலியாக அடுப்பில் வைத்துவிட்டுப் போனில் பேசப் போகாதீர்கள். வெள்ளீயம் 232 டிகிரியில் உருகிவிடும். ரசம் வைக்கிற ஈயச்சொம்பு இன்னும் மோசம், அது முழுக்கவே வெள்ளீயம். தண்ணீர் ஊற்றாமல் அடுப்பில் வைத்தால் சொம்பே அடுப்பில் வழிந்துவிடும்.

---

உளிச்சத்தம்

கூலி என்ன வாங்குகிறார்கள் அண்ணா இப்போது?

---

வெங்கலக்குரல்

பாத்திரத்தின் அளவைப் பொறுத்து. பெரிய அண்டாவுக்கு ஆயிரத்துக்கு மேலேகூட ஆகும். ஈயம் விலை கிலோவுக்கு ஆயிரக்கணக்கில். பூசுகிறவர் ஒருத்தர் சொன்னார், "முன்ன கெஞ்சிக் கூப்பிட்டோம், இப்ப அவங்க வந்து நிக்கறாங்க, நாளைக்கு வாங்கன்னு சொல்றேன்" என்று. மகனுக்குத் தொழில் கற்றுத் தரவில்லை. புகை நெஞ்சுக்கு ஆகாது என்றார்.

---

உளிச்சத்தம்

நவச்சாரப் புகை இருமலைக் கிளப்பும், ஏற்கனவே ஆஸ்துமா இருந்தால் ரொம்பச் சிரமம். மாஸ்க் போடச் சொல்லுங்கள், திறந்த இடத்தில், காற்று முதுகுப்பக்கமிருந்து வருகிற மாதிரி உட்காரச் சொல்லுங்கள்.

---

புதுவாசி

சாமி அண்ணா, தலைப்புக்குக் கொஞ்சம் வெளியே ஒரு கேள்வி. கரண்ட் குறைவாக இழுக்கும் புது ரக பிஎல்டிசி ஃபேன் ஒன்றில் ரிமோட்டை அழுத்தினால் பீப் சத்தம் மட்டும் வருகிறது, சுற்றவில்லை. வாரன்டி முடிந்துவிட்டது. எலக்ட்ரீஷியன் பார்த்துவிட்டு கண்டென்சர் கிடையாது, போர்டு போயிருக்கும், தூக்கிப் போடுங்கள் என்றார். மனசு வரவில்லை.

---

சால்டர்_சாமி

தூக்கிப் போடாதீர்கள். பழைய ஃபேன் 75 வாட் இழுத்தால் இது 30 வாட்டில் ஓடும், காந்தமும் காயிலும் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும், போவது போர்டுதான். மெயினை ஆஃப் செய்துவிட்டு இறக்கிக் கையால் இறக்கையைச் சுற்றிப் பாருங்கள். போர்டிலிருந்து கழற்றிய மோட்டாரின் மூன்று வயரும் தனித்தனியாக இருக்கும்போது லேசாகச் சுற்றினால், வயர்களை ஒன்றாகச் சேர்த்துப் பிடித்ததும் சுற்றுவது கடினமாக ஆகிறதா? அப்படி ஆனால் காயில் பிழைத்தது என்று அர்த்தம். பேரிங் தட்டாமல் இருக்கிறதா என்றும் பாருங்கள். அதன்பின் போர்டை மட்டும் கழற்றி இரண்டு பக்கமும் படம் எடுத்துப் போடுங்கள், ஐசி நம்பர் தெரிகிற மாதிரி. கம்பெனி போர்டு கிடைக்காவிட்டாலும் பொதுவான பிஎல்டிசி ஃபேன் போர்டு ரிமோட்டோடு இங்கே கடைகளில் வருகிறது, உங்கள் மோட்டாருக்குச் சரியாக வருமா என்று பார்த்துச் சொல்கிறேன். உங்கள் ஊர் எது?

---

புதுவாசி

விழுப்புரம். ஞாயிற்றுக்கிழமை இறக்கிப் படம் போடுகிறேன் அண்ணா.